மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் ஓரத்துப் பருத்திப்பால் வண்டி: மூன்றரை மணிக்கு விழித்துக்கொள்பவர்களுக்கு

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு வெளியே, வாழைநார் விற்கிற இடத்தை ஒட்டி ஒரு தள்ளுவண்டி நிற்கும். இரண்டு பெஞ்சு, கவிழ்த்துப் போட்ட நாலைந்து தக்காளிப் பெட்டி, வண்டி மேல் பெரிய பித்தளைக் குண்டான். ராத்திரி இரண்டரைக்கு அடுப்பு பற்றவைப்பார்கள். காலை எட்டுக்குள் எல்லாம் தீர்ந்துவிடும். எனக்குத் தூக்கமின்மை. எப்போது படுத்தேன், எப்போது விழித்தேன் என்று எழுதிவைக்கிற தூக்க டைரியைப் புரட்டி எண்ணிப் பார்த்தேன். ஆவணியில் ஆரம்பித்து இந்தச் சித்திரை வரை 61 தடவை போயிருக்கிறேன். ஒரு தடவை குடித்துவிட்டு எழுதுகிற விமர்சனம் இல்லை இது.

முதலில் பருத்திப்பால். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பருத்திக் கொட்டையை முந்தின நாளே ஊறவைத்து, ஆட்டி, பிழிந்து எடுக்கிற பால் இது. மாட்டுப்பாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பச்சரிசி மாவு கரைத்துவிட்டு, வெல்லமோ கருப்பட்டியோ போட்டு, சுக்கும் ஏலக்காயும் தட்டிப்போட்டுக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கை நின்றால் அடிப்பிடிக்கும். டம்ளரில் ஊற்றி மேலே தேங்காய்ப் பூ தூவித் தருவார்கள். இந்த வண்டியில் கருப்பட்டிதான். சுக்கு தூக்கலாக இருக்கும், தொண்டையில் இறங்கும்போதே நெஞ்சு சூடாகும். மார்கழிக் குளிரில் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அந்தச் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். மூன்றரையிலிருந்து நாலரைக்குள் போனால் சரியான பதம். ஐந்தரைக்கு மேல் கூழ் மாதிரி இறுகிவிடும், சில நாள் அடிப்பிடித்த வாசமும் வரும். டம்ளர் இருபது ரூபாய்.

சுக்கு மல்லி காபியும் உண்டு, பதினைந்து ரூபாய். பேர்தான் காபி. சுக்கு, கொத்தமல்லி விதை, மிளகு, கருப்பட்டி, அவ்வளவுதான். சில கடைகளில் நிறத்துக்காகக் காபித்தூளும் ஒரு கரண்டி போடுவார்கள் என்பதால் முதல் நாளே கேட்டுவிட்டேன். "சத்தியமா இல்ல டீச்சரம்மா, வேணும்னா டப்பாவத் தெறந்து பாருங்க" என்று வண்டிக்கார அக்கா டப்பாவை நீட்டினார். எனக்கு இது முக்கியம். காபியில் இருக்கிற காஃபீனில் பாதி உடம்பிலிருந்து வெளியேறவே ஐந்து மணி நேரம் வாக்கில் ஆகும். நாள் முழுக்க மூளையில் சேர்ந்து தூக்கத்தை வரவழைக்கிற அடினோசின் என்ற பொருளை அது வேலை செய்யவிடாது. மதியம் பன்னிரண்டுக்கு மேல் காபியும் டீயும் எனக்குத் தடை. ராத்திரியில் திறந்திருக்கிற கடை என்றால் டீக்கடைதான் என்கிற ஊரில், டீ இல்லாத ஒரு வண்டி கிடைத்தது என் அதிர்ஷ்டம்.

எனக்கு வயது 53. நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். வீடு கே.கே.நகர். மூன்று வருடத்துக்கு முன்னால், மாதவிடாய் நிற்கிற காலத்தில், ராத்திரி குப்பென்று உடம்பெல்லாம் சூடு ஏறி, நைட்டி நனைந்து எழுந்துகொள்வேன். அந்தச் சூடு ஒரு வருடத்தில் போய்விட்டது. விழிப்பு போகவில்லை. பத்துக்குப் படுத்தால் பன்னிரண்டரைக்குக் கண் அயரும், மூன்றுக்கு யாரோ தொட்டு எழுப்பின மாதிரி முழிப்பு வந்துவிடும். வாரத்தில் மூன்று ராத்திரியாவது இப்படி, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் அதற்குப் பேர் நாள்பட்ட தூக்கமின்மை என்று பிறகுதான் தெரிந்தது. எனக்கு வாரத்தில் ஆறு ராத்திரி.

முதலில் போன மருத்துவர் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு அல்பிரசோலம் என்கிற பதற்றம் தணிக்கிற மாத்திரையை எழுதிக் கொடுத்தார். எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பதினொரு மாதம் சாப்பிட்டேன். முதல் மாதம் தூங்கினேன், பிறகு அதே மாத்திரையைப் போட்டுக்கொண்டு விழித்திருந்தேன். வகுப்பில் கரும்பலகை முன்னால் நின்று, பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்குவதைப் பாதியில் மறந்து நின்றது அந்த வருடத்தில்தான். அதை நிறுத்தவே வேறொரு மருத்துவர் மூன்று மாதம் எடுத்துக்கொண்டு, கால் கால் மாத்திரையாகக் குறைத்தார். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு மெல்லக் குறையுங்கள்.

அவர்தான் என்னை ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். தூக்கமின்மைக்கென்றே இருக்கிற அறிதல் நடத்தை சிகிச்சை, அதாவது தூக்கத்தைக் கெடுக்கிற நினைப்பையும் பழக்கத்தையும் மாற்றுகிற சிகிச்சை. மாத்திரைக்கு முன்னால் இதைத்தான் முதலில் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்கிற மருத்துவர் அமைப்பு 2016இலேயே சொல்லியிருக்கிறதாம். ஆலோசகர் முதலில் ஒரு வாரம் டைரி எழுதச் சொன்னார். படுக்கையில் கிடந்தது சராசரி எட்டரை மணி நேரம், தூங்கியது நாலே முக்கால். "அப்ப எட்டரை மணி நேரம் எதுக்குப் படுக்கணும்?" என்றார். பதினொன்றரைக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்துகொள்ள வேண்டும், நடுவில் ஐந்தரை மணி நேரம்தான் படுக்கை. அதில் 85 சதவீதம் தூங்க ஆரம்பித்தால் வாரத்துக்குக் கால் மணி நேரம் கூட்டலாம். அப்புறம் இன்னொரு விதி. முழிப்பு வந்து சுமார் இருபது நிமிடத்தில் தூக்கம் திரும்பவில்லை என்றால் (கடிகாரம் பார்க்கக்கூடாது, குத்துமதிப்பாகத்தான்) எழுந்து வெளியே வந்துவிட வேண்டும். படுக்கை என்றால் விழிப்பு என்று உடம்பு பழகிப்போயிருக்கிறது, அந்த முடிச்சை அவிழ்க்கத்தான் இது. ரிச்சர்ட் பூட்ஸின் என்கிற உளவியலாளர் 1972இல் சொன்ன வழி. ஐம்பது வருடமாக இருக்கிற வழி எனக்கு வந்து சேர இத்தனை நாள் ஆயிற்று.

விதி சுலபம்தான். ஆனால் எழுந்து எங்கே போவது?

தூக்கமில்லாதவர்களுக்கு நான் சொல்வது புரியும். விழித்திருப்பதைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். தனியாக விழித்திருப்பதுதான் தாங்காது. என் கணவர் அரசுப் பேருந்தில் நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். டிப்போவில், கொசுக்கடியில், பஸ் சீட்டில் எங்கேயும் படுத்துத் தூங்கிப் பழகியவர். தலை சாய்த்த இரண்டாவது நிமிடம் மூச்சு மாறிவிடும். ஒரே கட்டிலில், ஒரு முழம் தள்ளி, அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு மணிக்கணக்காகக் கிடந்திருக்கிறேன். அவர் மேல் கோபம் வரும், அப்புறம் கோபப்பட்டதற்காக அழுகை வரும். ஹாலுக்கு வந்தால் ஃபிரிட்ஜ் சத்தம். போனை எடுத்தால் வாட்ஸ்அப்பில் எல்லாரும் பத்தே முக்காலுக்குக் கடைசியாக வந்து போயிருப்பார்கள். மகள் டொரன்டோவில் இருக்கிறாள். இங்கே விடியற்காலை மூன்று மணி என்றால் அங்கே முந்தின நாள் மாலை, அவள் வேலை முடிந்து வருகிற நேரம். கொஞ்ச நாள் அவளோடு பேசினேன். எடுத்ததுமே "அம்மா, இன்னைக்கும் தூங்கலையா?" என்பாள். அந்தக் குரலைக் கேட்கக்கூடாது என்றே கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, நான் ஆன்லைனில் இருப்பதே தெரியாதபடி மறைத்துவைத்தேன்.

பகலிலும் அதே கதைதான். கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் சாக்குச் சொல்லி நின்றுவிட்டேன். ஸ்டாஃப் ரூமில் ஓரமாக உட்கார்ந்தேன். இதை ஆலோசகரிடம் சொன்னபோது ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். 2018இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் செய்தது. ஓர் இரவு தூங்காமல் வைத்திருந்தவர்களை நோக்கி ஒருவரை நடந்துவரச் சொல்லி, எங்கே நிற்க வேண்டும் என்று அவர்களையே சொல்லச் சொன்னார்களாம். நன்றாகத் தூங்கின நாளில் நிறுத்தியதைவிடத் தள்ளியே நிறுத்தினார்களாம். தூங்காதவர்கள் பேசுகிற வீடியோவைப் பார்த்த அந்நியர்களுக்கும் இவர்கள் தனித்துப்போனவர்கள் என்று தோன்றியிருக்கிறது. கேட்டுக்கொண்டிருந்த எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. என் சுபாவமே கெட்டுவிட்டது என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மதுரையைத் தூங்கா நகரம் என்பார்கள். அது இட்லிக் கடைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் சொன்னது. எங்கள் தெருவில் பதினோரு மணிக்கு ஒரு விளக்கு எரியாது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தின இரவு மட்டும், எதிர்சேவைக்கு ஊரே தெருவில் நிற்கும். சின்ன வயதிலிருந்தே எனக்கு அந்த ராத்திரி பிடிக்கும். இந்த மூன்று வருடத்தில் இன்னும் அதிகமாகப் பிடித்துப்போனது. அந்த ஒரு ராத்திரி நான் மட்டும் விழித்திருப்பதில்லை.

ஆவணியில் நாத்தனார் மகள் கல்யாணத்துக்குப் பூ வாங்க, விடியற்காலை நாலு மணிக்குக் கணவரோடு மாட்டுத்தாவணி போனேன். அதற்கு முன்னால் அந்த நேரத்தில் அங்கே போனதில்லை. ஓசூர்ப் பக்கமிருந்து ரோஜாவும் செவ்வந்தியும் மூட்டை மூட்டையாக இறங்கிக்கொண்டிருந்தன. பக்கத்தில் காய்கறி மார்க்கெட்டுக்கு லாரிகள். மல்லிகை விடிகிற நேரத்தில்தான் வந்து சேரும், ஆனால் மாலை கட்டுகிறவர்கள் அதற்கு முன்பே வந்து செவ்வந்தி, அரளி, சம்பங்கி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாதிப்பேர் பெண்கள். தலையில் துண்டு, இடுப்பில் சுருக்குப்பை, பேரம். யாரும் யாரையும் "ஏன் தூங்கலை" என்று கேட்கவில்லை. பூ வாங்கிவிட்டு இந்த வண்டிப் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒரு அம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு, "கொஞ்சம் நவுருத்தா" என்று என் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

அடுத்த வாரமே தனியாகப் போகக் கிளம்பினேன். கணவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரம் அவரும் ஸ்கூட்டரில் கூட வந்து, பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கினார். பிறகு அவருக்கும் அந்த இடத்தின் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. போய்ச் சேர்ந்ததும் ஒரு மெசேஜ், கிளம்பும்போது ஒரு மெசேஜ், இதுதான் ஏற்பாடு.

அந்தப் பெஞ்சில் யார் யார் வருவார்கள் என்று சொன்னால்தான் இந்தக் கடை என்னவென்று புரியும். ஆம்னி பஸ் டிரைவர் ஒருவர் பெங்களூரிலிருந்து வண்டியை இறக்கிவிட்டு வருவார். பேச மாட்டார், இரண்டு டம்ளர் குடித்துவிட்டுத் தலையசைத்துப் போவார். சுமை தூக்குகிறவர்கள் நின்றபடியே குடிப்பார்கள். மற்றவர்கள் பூக்கட்டுகிற பெண்கள். அதில் ஒருவர் ஆனையூர்ப் பக்கம், கோயில் வாசலில் பூ விற்கிறவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். ராத்திரி எட்டரைக்குப் படுத்து இரண்டுக்கு எழுந்துகொள்கிறவர். என் கதையைக் கேட்டுவிட்டு அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. வெந்நீரில் கால் கழுவு, கசகசாப் பால் குடி, போனைத் தூரவை என்று கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்திருந்தது. அவர் ஒரு கை செவ்வந்தியை என் மடியில் கொட்டி, "சும்மா ஒக்காந்துக்கிட்டு இருக்கறதுக்கு இதக் கட்டுங்க டீச்சர்" என்றார்.

இப்போது எனக்குப் பூக்கட்டத் தெரியும். வாழைநாரைத் தண்ணீரில் நனைத்து, இந்தப் பக்கம் இரண்டு காம்பு, அந்தப் பக்கம் இரண்டு காம்பு வைத்துச் சுற்றி முடிச்சுப் போட வேண்டும். இறுக்கினால் காம்பு அறுந்துவிடும், தளர்த்தினால் உதிர்ந்துவிடும். செவ்வந்தியில் பழகி, மல்லிகைக்கு வர இரண்டு மாதம் ஆயிற்று. மதுரை மல்லிக்குக் காம்பு கொஞ்சம் நீளம், முடிச்சு நிற்கும். 2013இல் புவிசார் குறியீடு கிடைத்த பூ இது என்று வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் முந்தின நாள் மொட்டு எது, அன்றைக்குப் பறித்தது எது என்று விரலால் தொட்டுச் சொல்ல இங்கே வந்துதான் கற்றுக்கொண்டேன். கை வேலையில் இருக்கும்போது மனசு "நாளைக்கு எப்படிப் பாடம் நடத்தப்போகிறோம்" என்று ஓடுவதில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். முகூர்த்த நாளுக்கு முந்தின ராத்திரி போகாதீர்கள். உட்கார இடம் இருக்காது, வண்டிகளின் ஹாரன் சத்தத்தில் தலை வலிக்கும். மழை பெய்தால் அழுகின பூவும் சேறும் கணுக்கால் வரை. பீடிப் புகை உண்டு, அக்கா சொன்னால் தள்ளிப்போய்ப் பிடிப்பார்கள், ஆனால் நீங்கள் கேட்க வேண்டும். கழிப்பறைக்கு பஸ் ஸ்டாண்டுக்குள்தான் போக வேண்டும், அந்த நேரத்தில் தனியாகப் போக எனக்குத் தயக்கம். வண்டியில் மாட்டியிருக்கிற வெள்ளை விளக்கு கண்ணைக் கூசும். அதற்கு முதுகு காட்டி, கடைசிப் பெஞ்சில் உட்காருவேன்.

அந்த விளக்கு சின்ன விஷயம் இல்லை. ஆலோசகரிடம் இந்தக் கடையைப் பற்றிச் சொன்னபோது அவர் முகம் அவ்வளவாக மலரவில்லை. நடுராத்திரியில் கண்ணில் பளீரென்று வெளிச்சம் பட்டால் உடம்புக் கடிகாரம் பின்னால் தள்ளிப்போகும், படுக்கையை விட்டு எழுந்தால் மங்கின வெளிச்சத்தில் வீட்டிலேயே உட்கார வேண்டும் என்பதுதான் முறை என்றார். தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டக்கூடாது என்பதையும் அழுத்திச் சொன்னார். இரண்டு பேரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். மூன்றரைக்கு முன்னால் கிளம்பக்கூடாது, வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் கூடாது, கண் சொருகினால் வண்டியைத் தொடவே கூடாது, டம்ளரில் டீ கூடாது. மற்ற ராத்திரிகளில் ஹாலில் சின்ன விளக்கைப் போட்டுக்கொண்டு நாரும் பூவுமாக உட்காருகிறேன். அந்தப் பெஞ்சில் இருப்பவர்கள் இப்போது விழித்திருப்பார்கள் என்று தெரிந்து உட்காருவது வேறு மாதிரி இருக்கிறது. ஃபிரிட்ஜ் சத்தம் முன்பு போல் உறுத்துவதில்லை.

கடைக்குப் போய்த் தூக்கம் வந்ததா என்று கேட்டால், இல்லை. தூக்கம் வந்தது அந்த ஐந்தரை மணி நேரக் கணக்கால்தான். இப்போது பத்தே முக்காலிலிருந்து ஐந்து வரை படுக்கை, டைரிச் சராசரி ஐந்து மணி இருபது நிமிடம். ஏழு கேள்விகள், 28 மதிப்பெண் என்று ஒரு தூக்கமின்மை அளவுகோல் இருக்கிறது. அதிகமானால் மோசம். ஆரம்பத்தில் எனக்கு 23, சென்ற மாதம் 14. ஆனால் அந்தக் கணக்கின் முதல் மூன்று வாரம் பயங்கரமானது, இருக்கிற கொஞ்சத் தூக்கமும் போய்விடும். பாதியில் விட்டுவிடலாம் என்று பல நாள் நினைத்தேன். விடாமல் இருந்ததற்கு அந்தப் பெஞ்சுதான் காரணம். எங்கேயும் போக முடியாதவர்களுக்கு, அந்த நேரத்தில் மனசு தாங்கவில்லை என்றால் 14416க்குக் கூப்பிடலாம். மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

முதல் மாதம் 14 தடவை போனேன். போன மாதம் நாலு தடவை. ஒரு பத்து நாள் இடைவெளி விட்டுப் போனபோது வண்டிக்கார அக்கா கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு கேட்டார்:

"என்ன டீச்சரம்மா, ஆளையே காணோம்? மேலுக்கு முடியலையா?"

"இல்லக்கா. தூங்கிட்டேன்."

"பத்து நாளுமா?"

"ஏழு நாள்."

பெஞ்சைப் பார்த்து, "ஏ, டீச்சரு ஏழு நாளு தூங்கிருக்காங்கடி!" என்று கத்தினார். பூக்கார அம்மா ஒருவர் எழுந்து வந்து என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். அன்றைக்கு என்னிடம் காசு வாங்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: மேலூர் ரோடு வழியாக வாருங்கள், வெளிச்சமும் போக்குவரத்தும் உண்டு. கண்மாய்க் கரை ரோட்டில் நாய்த் தொல்லை. சில்லறை கொண்டுபோங்கள், போனில் பணம் அனுப்பலாம், ஆனால் சிக்னல் விட்டுவிட்டு வரும். நாலரைக்கு மேல் பக்கத்து அடுப்பில் குழிப்பணியாரம் போடுவார்கள், காரம் நன்றாக இருக்கும், இனிப்பு சுமார். தனியாக வருகிற பெண்கள் கூச்சப்படாமல் உள்பக்கப் பெஞ்சுக்கு வாருங்கள். செவ்வாயும் வெள்ளியும் நான் இருக்க வாய்ப்பு உண்டு. பச்சைச் சால்வை, மூக்குக்கண்ணாடி, மடியில் பூ. நவுரச் சொன்னால் நகர்ந்துகொள்வேன்.